அடைப்பத்திற் கிடந்த மடக்குக்கத்தி



நம் வீடுகளிலே பரணிலும் பெட்டியிலும் முன்னோர் கையாண்ட பண்டங்கள் பல கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றை இன்னவென்று அறிவோம், சிலவற்றை அறியோம். அறியாதவற்றிற்கு நாமே ஒரு கதை கட்டி, அக்கதையையே பிள்ளைகளுக்குச் சரித்திரமாகச் சொல்லிவிடுகின்றோம். அங்ஙனம் கதை கட்டப்பெற்ற கருவி ஒன்றை ஆராய்ந்து கண்டவற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

ஆண்டுவிழாவில் முன்னோர் கருவிகளைக் காட்சிக்கு வைப்பதென்று சங்கத்தார் முடிவுசெய்திருந்த சமயம். இராணிப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தம் மூதாதையரின் அடைப்பத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். அதனுள் சவரக்கத்தி இரண்டு, முள்வாங்கி ஒன்று, நகவெட்டி ஒன்று, தேய்ந்த சாணைக்கல் ஒன்று ஆகியவை இருந்தன. எல்லாவற்றிற்கும் அடியில், எண்ணெய்த் துணியிற் சுற்றிய பித்தளைப் பொருள் ஒன்று கிடந்தது. அதனை எடுத்து என் கையில் வைத்து, "வாத்தியார் தம்பி, எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் ஆர்க்காட்டு நவாபுக்கு இரணவைத்தியம் செய்த கத்தி இதுதான். அப்படியே சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்" என்றார்.

எழுதிவிடுதல் எளிது. அவருக்கு மகிழ்ச்சி, நம் மரபினர்க்கோ பெருமை. ஆயினும் விழாவிற்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் அச்சீட்டைப் படிப்பர்; படித்ததை மெய்யென்று கொள்வர். தமிழ் கற்பித்து உண்பவன் பொய்யை எழுதிக் கற்பிக்கலாமோ என்று என் மனம் தயங்கியது. "ஐயா, ஒரு திங்கள் தவணை கொடுங்கள், பார்த்துச் சொல்கின்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

கருவியின் வடிவத்தை முதற்கண் கூறுவேன். பித்தளைத் தகடுகள் இரண்டு. நீளம் நான்கு அங்குலத்திற்குச் சிறிது குறையும். ஒரு முனையில் அவை ஓர் ஆணியாற் பிணைக்கப்பட்டுள்ளன. மறுமுனை சற்று அகன்றிருக்கிறது. இத்தகடுகளுக்கு இடையே மூன்று எஃகுப் பட்டைகள் விசிறி மடல்போல் விரிந்து மடங்குகின்றன. பட்டைக்குக் கூர் இல்லை. ஒவ்வொரு பட்டையின் நுனியருகிலும், அரசிலையை நடுவே பிளந்து ஒரு பாதியை ஒட்டவைத்தாற்போல, ஒரு சிறு நாக்கு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கூர்மையெல்லாம் அந்நாக்கிலேதான். மூன்று நாக்கும் வடிவால் ஒன்று. அளவால் சிறிதும் இடையும் பெரிதுமாக வேறுபடுவன.

இதனைக் கண்டோர் சொன்ன பெயர்கள் பல. பாக்குவெட்டியின் ஒருவகை என்றார் ஒருவர். சேவற்கட்டிற் காலிற் கட்டும் கத்தி என்றார் மற்றொருவர். யானோ தமிழ்ப் பண்டிதனாதலின், ஏடு நறுக்கும் கத்தியும் எழுத்தாணியும் ஒன்றாய் மடங்கும் மடக்கெழுத்தாணியோ என்று எண்ணி, இரண்டு நாள் அவ்வெண்ணத்திலேயே மகிழ்ந்திருந்தேன். அவரவர் அறிந்த தொழிலையே அவரவர் கண் காண்கிறதென்பதற்கு யானே சான்று. ஏடு நறுக்கும் கத்திக்கு நீண்ட கூர் வேண்டும். இதற்கு ஓர் அங்குலக் கூரும் இல்லை. பாக்குவெட்டிக்கு எதிர்த்தாங்கும் மற்றோர் அலகு வேண்டும். இதற்கு அதுவும் இல்லை. சேவற்கத்தியைக் காலிற் கட்டவேண்டும். மூன்று அலகு மடங்கும் பித்தளை உறையை எந்தச் சேவல் தூக்கும்?

ஆகவே கேள்வியை மாற்றினேன். இது யாதென்று கேளாமல், இது செய்யக்கூடிய தொழில் யாதென்று கேட்டேன். ஐந்து இடங்களில் விடை கிடைத்தது.

முதலாவது, கூர். பட்டை மழுங்கல், நாக்கு மட்டும் கூர். ஆதலின் இஃது இழுத்து அறுக்கும் கருவியன்று. ஓரிடத்திற் குத்தித் துளைக்கும் கருவி. நாக்கு முழுதும் உள்ளே சென்றபின் மழுங்கற் பட்டை தடுத்துவிடும். அதற்குமேல் ஆழம் போகாது. எவ்வளவு ஆழம் வேண்டுமோ அதற்கேற்ற நாக்கை விரிக்கவே மூன்று அளவு வைத்தனர்.

இரண்டாவது, முதுகு. ஒவ்வொரு நாக்கிற்கும் நேர் எதிரே, பட்டையின் முதுகில் சிறு சிறு தழும்புகள் இருந்தன. இரும்பு மோதிய வடு ஆழமாய் இருக்கும். இவையோ மேலாக மழுங்கிய தேய்வுகள். மரத்தாற் பலமுறை தட்டியதன் அடையாளம் என்று எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் கூறினார்.

மூன்றாவது, மூட்டு. பேனாக்கத்தியின் முதுகில் ஒரு வில் இருந்து, விரித்த அலகை மடங்கவொட்டாமற் பிடிக்கும். இதில் வில் இல்லை. கையால் அழுத்தி அறுத்தால் மடங்கிவிடும். நாக்கின் முதுகில் நேரே தட்டினாலோ விசை நேரே கீழிறங்கும்; வில் வேண்டுவதில்லை. இரண்டாவது குறிப்பை இது வலியுறுத்துகிறது.

நான்காவது, உலோகம். 1867-இல் ஜோசப் லிஸ்டர் கிருமிகளைக் கொல்லும் அறுவைமுறையை வெளியிட்டபின், அறுவைக் கருவிகளைக் கொதிநீரிலும் ஆவியிலும் இடும் வழக்கம் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் பரவிற்று. அதனால் கொம்பு, தந்தம், ஆமையோடு, மரம் ஆகியவற்றாலான பிடிகள் ஒழிந்தன. ஒரே உலோகமாக வார்த்து நிக்கல் பூசிய கருவிகள் வந்தன. துருப்பிடியா எஃகை ஷெப்பீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி 1913-இல் உருவாக்கினார். நம் கருவியிலோ நிக்கல் பூச்சில்லை; எஃகு நன்றாகத் துருவேறியிருக்கிறது; ஆணி மூட்டில் அழுக்கு அடைந்து நிற்கிறது.

ஐந்தாவது, எழுத்து. பெரிய பட்டையின் அடியில் ஆங்கில எழுத்துகள் தேய்ந்து தெரிந்தன. உருப்பெருக்காடியாற் பார்க்க, "காஸ்ட் ஸ்டீல்" என்றிருந்தது. உலையில் உருக்கி வார்த்த எஃகு என்பது அதன் பொருள். பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பார் 1740-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷெப்பீல்டிலே மூசையிற் கரைத்து வார்க்கும் முறையை நிறுவியபின்னரே கத்தி வினைஞர் இம்முத்திரையைப் பெருமையாகப் பொறிக்கலாயினர். எனவே இஃது அதற்கு முற்பட்டதாதல் இயலாது.

குத்தித் துளைப்பது, முதுகில் மரத்தால் தட்டப்படுவது, ஆழம் அளந்து மூன்று நாக்குடையது, இங்கிலாந்திற் செய்தது என்னும் நான்கும் ஒன்றாய்க் கூடிய கருவி உலகில் ஒன்றே. ஆங்கிலத்தில் அதற்குப் 'பிளீம்' என்று பெயர். குருதி வாங்கும் கருவி என்பது பொருள். குருதி நாளத்தையும் அறுத்தலையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்கள் கூடிய ஒரு சொல், இலத்தீனிற் புகுந்து, பழைய பிரெஞ்சிற் குறுகி, ஆங்கிலத்தில் இவ்வாறு தேய்ந்தது. வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிறுவனம் 1979-இல் குருதி வாங்கும் கருவிகளுக்கென்றே ஒரு விளக்கப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அவ்வகைப் படங்களோடு ஒப்பிட்டபொழுது ஐயம் நீங்கிற்று.

இனி, இது மனிதர்க்கோ, விலங்கிற்கோ என்பது கேள்வி. இங்கேதான் பெரியவரின் கதை நிற்பதும் வீழ்வதும்.

ஐரோப்பாவில் பழங்காலத்தில் மனிதர்க்கும் பிளீமைக் கையாண்டனர். ஆனால் 18-ஆம் நூற்றாண்டிலும் அதன்பின்னும் ஆங்கில வைத்தியர் மனிதர்க்குக் கையாண்டது 'லான்செட்' என்னும் வேறு கருவி. அது வேலிலைபோல் இருபுறமும் கூரிய மெல்லிய தகடு. ஆமையோட்டாலோ தந்தத்தாலோ ஆன இரண்டு இதழ்களின் நடுவே மடங்குவது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து மெல்லக் குத்துவது. 1823-இல் தாமஸ் வேக்லி இலண்டனில் தொடங்கிய மருத்துவ இதழுக்கும் அக்கருவியின் பெயரே இடப்பட்டது. மரத்தால் தட்டும் கனத்த பிளீமோ அக்காலத்துக் குதிரை வைத்தியர்க்கும் லாடக்காரர்க்கும் உரியதாய் நின்றது.

அவர்கள் அதனைக் கையாண்ட விதம் இது. குதிரையின் கழுத்தடியிற் கயிறு கட்டிப் பெருநாளத்தைப் புடைக்கச் செய்வர். இடக்கையிற் பிளீமைப் பிடித்து, நாக்கு நாளத்தின் போக்கிலே அமையும்படி வைப்பர். வலக்கையில், உள்ளே ஈயம் பெய்து கனப்படுத்திய சிறு மரத்தடியால் ஒரே தட்டுத் தட்டுவர். தோலும் நாளமும் ஒருங்கே திறக்கும். குதிரை துள்ளுமுன் வேலை முடிந்துவிடும். குருதியைக் கலத்தில் அளந்து வாங்கியபின், புண்ணின் இரு விளிம்பையும் ஓர் ஊசியாற் கோத்து, அதன்மேல் குதிரை மயிரையோ சணற்பஞ்சையோ சுற்றிக் கட்டுவர். நம் கருவியின் பெரிய நாக்கும், முதுகின் தழும்பும், அணியற்ற கனத்த உறையும், அடித்த முத்திரையும் இத்தொழிலோடு பொருந்துகின்றன. மனிதர் கைந்நாளத்திற்கு அப்பெரிய நாக்கு வேண்டுவதன்று. குதிரைக் குருதிக்கத்தியே இதுவென்று துணிந்தேன்.

துணிந்தபின் எனக்கு மகிழ்ச்சியினும் வருத்தமே மிகுந்தது. நவாபின் வைத்தியர் என்று நம்பி வந்த முதியவரிடம், ஐயா, இது குதிரைக்கத்தி என்று எங்ஙனம் சொல்வது? அவரிடம் செல்லுமுன், நம் தொழிலுக்கு மெய்யான பெருமை எங்கெங்கே உளதென்று தேடினேன். தேடியவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன்.

ஐரோப்பாவில் சவரத் தொழிலாளரே நெடுங்காலம் அறுவை வைத்தியராயிருந்தனர். 1215-இல் இலாத்தரன் என்னுமிடத்திற் கூடிய கிறித்தவப் பேரவை, உயர்நிலைக் குருமார் வெட்டியும் சுட்டும் செய்யும் வைத்தியத்திற் கையிடலாகாதென்று விதித்தது. கூரிய கத்தியும் நடுங்காத கையும் உடையார் சவரத் தொழிலாளரே. ஆதலின் பல் பிடுங்கலும், கட்டி கீறலும், குருதி வாங்கலும் அவர்கள் கையிற் சேர்ந்தன. 1540-இல் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் காலத்துச் சட்டம் இலண்டன் சவரத் தொழிலாளரையும் அறுவை வைத்தியரையும் ஒரே சங்கமாக்கிற்று. ஆயினும் சவரம் செய்வோன் பல் பிடுங்குதலன்றி வேறு அறுவை செய்யலாகாது. அறுவை செய்வோன் சவரம் செய்யலாகாது என்று அச்சட்டமே தொழிலைப் பிரித்தது. 1745-இல் சங்கமும் இரண்டாயிற்று. மேனாட்டுச் சவரக்கடை வாயிலில் நிற்கும் சிவப்பும் வெள்ளையுமான கம்பத்திற்கு, குருதியும் கட்டுத்துணியும் என்றே பொருள் கூறுவர். குருதி வாங்கும்போது நோயாளி இறுகப் பற்றிய கோலே அக்கம்பம் என்பதும் அவர் கூற்று.

அத்தொழிலில் வந்த பெரியோருள் ஒருவர் பிரான்சு நாட்டு ஆம்புருவாஸ் பாரே. சவரத் தொழிலாளரிடம் வேலை கற்றுத் தொடங்கி, நான்கு மன்னர்க்கு அறுவை வைத்தியரானவர். துப்பாக்கிப் புண்ணிற் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவது அக்கால வழக்கம். 1537-இல் ஒரு போர்க்களத்தில் எண்ணெய் தீர்ந்துபோக, முட்டைக் கருவும் ரோஜா எண்ணெயும் கர்ப்பூரத்தைலமும் கலந்து பூசினார். எண்ணெய் ஊற்றப்பட்டோர் வலியால் துடிக்க, இவர் மருந்து பூசினோர் நன்றாக உறங்கியிருந்ததை மறுநாட் காலையிற் கண்டார். கண்டதை மறைக்காமல் 1545-இல் நூலாக எழுதினார். வழக்கத்தைவிடக் கண்ணாற் கண்டதைப் பெரிதாகக் கொண்டதே அவர் பெருமை.

நம் நாட்டிலும் சான்று குறைவில்லை. சுசுருத சங்கிதை கூரில்லாத கருவிகள் 101 என்றும், கூரிய கருவிகள் 20 என்றும் எண்ணுகிறது. அவ்விருபதுள் 'குடாரிகை' என்பது ஒன்று; சிறு கோடரி என்பது பொருள். எலும்பின்மேல் ஓடும் நாளத்தின்மீது அதனை இடக்கையால் நிறுத்தி, வலக்கையின் நடுவிரலைப் பெருவிரலால் தடுத்து விடுத்துத் தெறிக்கச் செய்து தட்டவேண்டும் என்பது முறை. கூரை நாளத்தின்மேல் வைத்து முதுகிற் தட்டுதலாகிய பிளீமின் தத்துவம் இங்கே முழுதும் இருக்கிறது. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும்: ஒப்புமை வேறு, வழிவழி வருதல் வேறு. ஆங்கிலேயர் நம்மிடமிருந்தே கொண்டனர் என்று சொல்லச் சான்றில்லாதபோது, சொல்லாதிருப்பதே நேர்மை.

சித்த மருத்துவர் வகுத்த புறமருத்துவம் 32-இல் கீறல், அட்டைவிடல், அறுவை, கொம்பு கட்டல், குருதி வாங்கல் என்பன தனித்தனியே எண்ணப்படுகின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 கிடக்கைகளுள்ள ஆதுலர்சாலையையும், அதில் வைத்தியர், சல்லியக்கிரியை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் முதலியோரையும் குறிக்கிறது. அவர்களோடு நாவிதர் ஒருவர்க்கும் ஊதியம் வகுத்திருக்கிறது. மருத்துவர், மருத்துவச்சி, பரியாரி என்று ஊரார் நம்மவரை வழங்கும் பெயர்களும் பழந்தொழிலைச் சுட்டி நிற்பனவே.

இவ்விடத்திற் குருதி வாங்குதலின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அமெரிக்க நாட்டு முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயுற்று, 1799 டிசம்பர் 14-ஆம் நாள் இறந்தார். அந்த ஒரே பகலில் நான்கு முறையாக ஏறக்குறைய 80 அவுன்சுக் குருதியை வாங்கினர். முதன்முறை வாங்கியவர் வைத்தியரல்லர். அவர் வற்புறுத்தலால் அவருடைய பண்ணைக் கண்காணியே செய்தார். பின்னர்ப் பாரிசு நகரத்து வைத்தியர் பியேர் லூயி, நுரையீரல் அழற்சியுற்ற 77 நோயாளரை எண்ணிக் கணக்கிட்டார். முதல் நான்கு நாளிற் குருதி வாங்கப்பெற்றோர் 41 பேரில் 18 பேர் இறந்தனர். பின் வாங்கப்பெற்றோர் 36 பேரில் 9 பேர் இறந்தனர். முன்னதாக வாங்கினால் உயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கைக்கு இக்கணக்கு நேர்மாறு. 1835-இல் அவர் நூல் வெளிவந்தபின் அவ்வழக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. இன்று இரத்தத்தில் இரும்பு மிகுதல், சிவப்பணு மிகுதல் போன்ற ஒருசில நோய்களுக்கே மருத்துவர் குருதி வாங்குகின்றனர். நம் முன்னோர் செய்தார் என்பதனாலேயே ஒரு முறை நன்றாகிவிடாது; அவர் கைத்திறனை மதித்தல் வேறு, முறையை ஏற்றல் வேறு.

தவணை முடிந்தபின் பெரியவர் வீட்டிற்குச் சென்றேன். கருவியை விரித்து, கூரையும் முதுகின் தழும்பையும் எழுத்தையும் ஒவ்வொன்றாய்க் காட்டினேன். "ஐயா, இதனால் மனிதர்க்கு அறுவை செய்திருக்க இயலாது. இது குதிரைக்குக் குருதி வாங்கும் ஆங்கிலேயர் கருவி" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அவர் மருமகள் மோர் கொணர்ந்து வைத்தார், அதையும் தொடவில்லை. பிறகு மெல்ல, "தம்பி, எங்களை இந்த ஊரில் லாயத்து வீட்டார் என்பார்கள். ஏன் என்று என் தகப்பனாருக்கும் தெரியாது. நாங்கள் குதிரையையே கண்டதில்லையே என்று சிரித்துக்கொள்வோம்" என்றார்.

யான் வியந்தேன். இராணிப்பேட்டையோ ஆர்க்காட்டை அடுத்த குதிரைப்படைத் தண்டாயிருந்த ஊர். 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபொழுது, கில்லெஸ்பி என்னும் தளபதி 19-ஆம் டிரகூன் குதிரைப்படையை ஆர்க்காட்டிலிருந்தே நடத்திச் சென்றான். அத்தகைய தண்டின் லாயத்தில் நம் மரபினர் ஒருவர் குதிரைகளைப் பேணி, குதிரை வைத்தியத் துணையாயிருந்து, இக்கருவியைப் பெற்றிருத்தல் இயலும். இஃது என் ஊகமே. பெயரும் கருவியும் ஊரும் ஒருங்கு பொருந்துவதனால் எழுந்தது. நவாபின் கதைக்கோ ஒரு பொருத்தமும் இல்லை. ஒரு பொய்ப் பெருமை போயிற்று. ஆனால் பொருள் தெரியாமற் கிடந்த வீட்டுப்பெயர் ஒன்று வாய் திறந்தது. மிரளும் குதிரையின் கழுத்தில் ஒரே தட்டில் நாளந் திறந்த கை சிறிய கையா? பெரியவரே இதனைச் சொல்லி மோரை எடுத்துக்கொண்டார்.

விழாவில் வைத்த சீட்டு இது: "குதிரைக்குக் குருதி வாங்கும் மூன்று நாக்கு மடக்குக்கத்தி. இங்கிலாந்தில் செய்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ 19-ஆம் நூற்றாண்டோ ஆகலாம். இராணிப்பேட்டை லாயத்து வீட்டார் அடைப்பத்தில் இருந்தது." பிள்ளைகள் அதனருகில் நெடுநேரம் நின்றனர்.

அன்பர்களே! உங்கள் வீட்டிலும் இத்தகைய கருவி இருப்பின் மூன்று செய்யுங்கள். புளியிட்டு விளக்காதீர்கள், சாணை பிடிக்காதீர்கள், தழும்பும் துருவும் எழுத்துமே அதன் நாவு. யாரிடமிருந்து வந்தது, எவ்வூரில் இருந்தது, அதனோடு வேறென்ன இருந்தது என்பனவற்றை மூத்தோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். ஊரார் உங்கள் வீட்டை அழைக்கும் பெயர் நகைப்பிற்கு இடமானதாயினும் அதனையும் எழுதுங்கள். விருப்பம் சொல்லும் கதையைச் சற்றே நிறுத்திவைத்து, கருவி சொல்வதைக் கேட்போமாயின், நம் முன்னோர் தம் சொந்த முகத்தோடு நம்முன் வந்து நிற்பர்.